ஒற்றைக் கொம்பு

"ஓனர்கிட்ட குடும்மா" என்பார்கள்.
ஃபோனைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டு
பத்துவரை எண்ணிவிட்டு
குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி
"சொல்லுங்க சார்" என்பேன்.

மஞ்சக்குப்பத்தில் எட்டுக்குப் பத்தில் கடை.
இன்வர்ட்டர் ரிப்பேர், பேட்டரிக்குத் தண்ணீர்.
இருந்த பையன் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான்.
இப்போது
மெக்கானிக் அஞ்சலாட்சி லேட்டாக வந்தால்
முதலாளி அஞ்சலாட்சி முறைக்கிறாள்.
கணக்கெழுதும் அஞ்சலாட்சி
இரண்டு பேருக்கும் சம்பள பாக்கி வைத்திருக்கிறாள்.

என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை.
காலெண்டர் தாளைக் கிழித்து முதுகில் எழுதுவேன்:
எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர்,
எங்கே டெர்மினல் பச்சை பூத்திருக்கிறது,
"அடுத்த வாரம் தரேன்" என்றவருக்கு
இது எத்தனையாவது அடுத்த வாரம்.
இடையிடையே பருப்பு, கேஸ் புக்கிங்.
கடைக்கொரு தாள் வீட்டுக்கொரு தாள் என்று
ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன்.
வீட்டுத் தாள்தான் எப்போதும் தொலைந்தது.

டிசம்பர். வங்கக் கடலில் ஏதோ சுழல்கிறதாம்.
டிவியில் சொன்ன அரைமணியில்
ஊருக்கே பேட்டரி ஞாபகம் வந்துவிட்டது.
புதன்கிழமைக்குப் பதினோரு வரி.

தாளில் ஆசிட் தெறித்தது எப்போதென்று தெரியாது.
அது உடனே காட்டிக்கொடுக்கிற சாதி இல்லை.
சுடிதாரில் பட்டால்கூட
இரண்டு சலவை பொறுத்துத்தான் ஓட்டையாகும்.
மத்தியானம் மடிப்பைப் பிரித்தேன்.
ஏழாவது வரி
வறுத்த அப்பளம்போல் உதிர்ந்து விழுந்தது.
மிஞ்சியது முன்னால் ஒரு ஒற்றைக் கொம்பு,
கடைசியில் ஒரு ம்.

செம்மண்டலம்?
நெல்லிக்குப்பம்?
கொம்புக்குப் பின்னால் கால் இருந்திருந்தால்
சொக்கலிங்கம், பொன்னம்பலம்.
இல்லை, ஆளே இல்லாமல்
வெந்தயமோ வெல்லமோ.
கொஞ்சம் தூக்கம் என்றுகூட வாசிக்கலாம்.
அப்படியெல்லாம் எழுதி வைக்கிற ஆளில்லை நான்.

யாரிடம் கேட்பது?
"நீங்கதானே கூப்பிட்டீங்க?" என்று
ஒரு கம்பெனி கேட்கக் கூடாது.
அதுவும் நான்கு பேர் வேலைபார்க்கிற கம்பெனி.

எக்ஸெல்லில் இரண்டு கேன் கட்டி
நெல்லிக்குப்பம் போனேன்.
ஆலைப் பக்கம் பாகு மணந்தது.
எனக்குத் தெரிந்த மூன்று வீட்டிலும்
பேட்டரி நிறைந்திருந்தது,
டீ கிடைத்தது.
சொக்கலிங்கம் சார் பூட்டிக்கொண்டு
மகளிடம் போயிருந்தார்.

செம்மண்டலம் வரும்போது மழை.
டிரான்ஸ்பார்மர் ஒருதரம் கனைத்தது. கரண்ட் போனது.
அப்போது பார்த்தேன், தெரு என் தாளாக இருந்தது:
வெளிச்சம் வந்த ஜன்னல் எல்லாம்
நான் டிக் அடித்த வரி.
ஒரே ஒரு வீடு இருட்டு.
அகப்பட்டது என்று ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

மெழுகுவர்த்தியோடு வந்தவர்
என்னை முன்பின் பார்த்ததில்லை.
"நான் யாரையும் கூப்பிடலையே.
சரி, வந்தது வந்துட்டீங்க,
புதுசா ஒண்ணு மாட்ட எவ்வளவு ஆகும்?"
ஈரக் கையால் விலை எழுதிக் கொடுத்தேன்.
"ஓனர்கிட்ட பேசிக் குறைச்சுக் குடும்மா" என்றார்.
"அவங்க கறாரு சார்.
கொம்பு முளைச்சவங்க."

ராத்திரி பதினொன்று.
வியாழக்கிழமைத் தாள்.
கூப்பிட்ட யாரோ
எங்கோ விசிறிக்கொண்டு
என்னைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.
திட்டவாவது ஃபோன் செய்வார்கள் என்று
சார்ஜில் போட்டிருக்கிறேன்.
பாக்கி வேலைகளை வரிசையாக இறக்கி எழுதினேன்.
எல்லாவற்றுக்கும் மேலே
ஒரு கொம்பு,
ஓட்டை அளவுக்கு இடம்,
ஒரு ம்.